கனடாவின் பனி வடக்கில் வைரம் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வைரம் மிக அரிது. நேரடியாகத் தேடினால் கைக்குச் சிக்காது. ஆனால் அதைப் பூமியின் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையில் கார்னெட் போன்ற கனிம மணிகள் ஏராளம். அதிலும் கால்சியம் குறைந்து குரோமியம் கூடிய கார்னெட் கிடைத்தால், பக்கத்தில் வைரமும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் இந்த மணிகளைச் சுரண்டி, நெடுந்தூரம் இழுத்துப்போய்ச் சிதறடித்திருந்தன. சக் ஃபிப்கே, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இரு புவியியலாளர்கள் 1980களில் மண்ணை அள்ளிச் சலித்து, பனி வந்த திசையை நோக்கித் தடம் பிடித்துப் போனார்கள். எத்தனை பொறுமை வேண்டும், நினைத்துப் பாருங்கள்! தடம் லாக் டி கிரா ஏரிப் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டது. 1991இல் அங்கே ஒரு சிற்றேரிக்கு அடியில் துளையிட்டபோது வைரம் பொதிந்த கிம்பர்லைட் கிடைத்தது. அப்புறம் 1998இல் அந்தப் பகுதியில் எகாட்டி திறந்தது, கனடாவின் முதல் வைரச் சுரங்கம்.