பழந்தீவு பன்னீராயிரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் குடும்பத்துடன் மாலத்தீவுக்குச் சென்று ஐந்து நாட்கள் தங்கிவிட்டு வந்தேன். நாங்கள் இருந்த தீவில் விடுதியைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே பணிபுரிந்த ஒருவரிடம், பழைய ஊர், கோட்டை, கோயில் என்று பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். "இங்கே கடல்தான் இருக்கிறது" என்றார்.

என் தாய்மாமா தூத்துக்குடியிலிருந்து தோணியில் பலமுறை மாலேக்குப் போய்வந்தவர். அவர் கொண்டுவரும் மாசிக் கருவாட்டின் வழியாகத்தான் அந்த நாட்டின் பெயரே எனக்கு அறிமுகம். ராஜராஜ சோழன் அந்தத் தீவுகளை வென்றான் என்று பள்ளியில் படித்ததும் நினைவிருக்கிறது. அதற்குமேல் தேடினால் இணையத்தில் விடுதி விளம்பரங்களே வருகின்றன. அந்த மக்களுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு வரலாறு உண்டா? சோழர் படையெடுப்பைப் பற்றி உறுதியாக என்ன சொல்லலாம்? இஸ்லாத்துக்கு முன்பு அங்கே பௌத்தம் இருந்தது என்கிறார்களே, அதன் தடயம் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?

அன்புடன்,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாய்மாமா கொண்டுவந்த மாசியிலிருந்தே தொடங்குகிறேன். கோட்டையும் கோபுரமும் தேடிப் போகிறவர் கண்ணில் மாலத்தீவின் வரலாறு எளிதில் படாது. அது கைக்குள் அடங்கும் சிறு பொருள்களிலும், எழுத்திலும், ஒரு பள்ளிவாசலின் தரையிலும் இருக்கிறது.

சூரை மீனைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் நான்காக அறுத்து, வேகவைத்து, புகையில் வாட்டி, பிறகு கல்லைப்போல் இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. சம்பலுக்காக அதை அம்மியில் வைத்துத் தட்டும்போது முதலில் விறகைத் தட்டுவது போன்ற ஓசைதான் வரும். உடைந்த பிறகு உள்ளே கருஞ்சிவப்பான, பளபளப்பான முகம் தெரியும். மாலத்தீவு மக்களின் மொழியான திவேஹியில் 'மஸ்' என்றால் மீன். நம்முடைய 'மாசி' அந்தச் சொல்லோடு உறவுடையது என்றே நான் கருதுகிறேன். 1343-இல் அங்கே சென்று இறங்கிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இந்த மீனை நான்காக அறுத்துச் சிறிது வேகவைத்து ஓலைக்கூடைகளில் புகையில் தொங்கவிடும் முறையை விவரித்து, இது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் போகிறது என்று எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தச் செய்முறையை உங்கள் மாமாவிடம் படித்துக்காட்டினால் அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

இப்னு பதூதா அங்கே காஜியாக அமர்த்தப்பட்டார். அவர் எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு திருடனின் கையை வெட்டும்படி அவர் தீர்ப்பளித்தபோது, அவையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் சிலர் மயங்கி விழுந்துவிட்டார்கள். பெண்கள் மேலாடை இன்றி நடமாடும் வழக்கத்தை மாற்ற அவர் முயன்றார், முடியவில்லை. அந்த நாட்டை ஆண்டவரும் ஒரு பெண். ரெஹெந்தி கதீஜா என்று மாலத்தீவு வரலாறு குறிப்பிடும் அந்த அரசி மூன்று முறை அரியணை ஏறியவர். வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் அவர் பெயர் சொல்லப்பட்டது. வெளியிலிருந்து வந்த மார்க்கத்தை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட மக்கள் தங்கள் இயல்பை உடனே விட்டுவிடவில்லை என்பதை, அதைக் கண்டு வியந்துபோன ஓர் அயலாரின் எழுத்தின் வழியாகவே நாம் அறிகிறோம்.

இனி சோழி. நாம் தாயம் ஆடவும், சோதிடர் பலகையில் உருட்டவும் பயன்படுத்தும் அதே சிறிய, மஞ்சள் படர்ந்த வெண்சோழிதான். மாலத்தீவில் அதன் பெயர் 'பொலி'. ஆழமில்லாத கடலில் தென்னை மட்டைகளைப் போட்டுவைத்தால் உயிருள்ள சோழிகள் அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று அவற்றைப் பொறுக்கியதாக, 1602-இல் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கி 1607 வரை தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிராரும் எழுதியிருக்கிறார். எடுத்த சோழிகளை மணலில் குழிதோண்டிப் புதைத்து, உள்ளிருக்கும் உயிரி அழுகிக் கரைந்த பிறகு தோண்டியெடுத்துக் கழுவினால், அது காசு. நாணயச்சாலை வேண்டாம், உலோகம் வேண்டாம், அரசனின் தலை பொறிக்க வேண்டாம். கள்ளக்காசு அடிக்கவும் இயலாது.

இந்தக் காசு சென்ற தூரத்தை எண்ணிப் பாருங்கள். வங்காளத்தார் அரிசி கொடுத்து இதை வாங்கிச் சென்றார்கள். வேறு சரக்கே இல்லாமல் சோழி மட்டும் ஏற்றிய முப்பது நாற்பது கப்பல்கள் ஒரே ஆண்டில் புறப்பட்டதைத் தாம் கண்டதாகப் பிரார் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்கூடச் சில்ஹெட் பகுதியின் நிலவரி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சோழியாகவே கட்டப்பட்டு, படகு படகாக டாக்காவுக்குச் சென்றது. இப்னு பதூதா மாலத்தீவில் இருந்தபோது ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழிகள் கிடைத்தன. சில ஆண்டுகள் கழித்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குச் சென்றபோது, அங்கே ஒரு தினாருக்கு 1,150 சோழிகள்தான் கிடைக்கும் என்று கண்டார். மாலத்தீவுக் கரையில் இருந்த மதிப்பைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு.

இந்தக் கதையின் மிகக் கொடிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சோழியை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலமிட்டார்கள். அங்கிருந்து அது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அடிமைகளாக மனிதர்களை வாங்குவதற்கான விலையாயிற்று. முழங்கால் மடக்கி மணலைத் தோண்டிச் சோழி கழுவிய தீவுப் பெண்ணுக்கு, அது எந்தத் துறைமுகத்தில் யாருடைய பிள்ளைக்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. உலக வணிக வரலாற்றைப் பேசும்போது மாலத்தீவை ஒரு வரியில் கடந்துபோகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சோழர் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' என்பது ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் தொடர். அந்தப் பழந்தீவு மாலத்தீவே என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. மாலத்தீவில் உள்ள தீவுகள் ஏறக்குறைய 1,200. பின் பன்னீராயிரம் எங்கிருந்து வந்தது? 'இரட்டபாடி ஏழரை இலக்கம்' என்பதுபோல நாட்டின் பெயரோடு ஒட்டிவரும் வழக்குத்தொகை அது. இதை நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. ராஜராஜனுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்த பிரார், மாலத்தீவுச் சுல்தான் தம்மைப் 'பதின்மூன்று மாகாணங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் அரசர்' என்று அழைத்துக்கொண்டதைப் பதிவுசெய்திருக்கிறார். தஞ்சைக் கல்வெட்டில் இருக்கும் எண்ணும் மாலே அரண்மனையில் வழங்கிய எண்ணும் ஒன்றே. நம் மெய்க்கீர்த்திப் புலவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை, கடலோடிகள் வாயில் வழங்கிய பெயரையே கேட்டு எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. வென்ற பெருமையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதால் நாம் இழப்பது இதைத்தான்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திவேஹி, சிங்களத்துக்கு மிக நெருங்கிய உறவுமொழி. ஆனால் அரபியைப்போல வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. அதன் எழுத்துமுறைக்குத் தானா என்று பெயர். தானாவின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களான ஒன்று முதல் ஒன்பது வரையிலான வடிவங்களிலிருந்து உருவானவை. அடுத்த ஒன்பது, அந்த நாட்டின் பழைய எண்களிலிருந்து வந்தவை. தமிழில் ஒன்றுக்குக் 'க'வும் இரண்டுக்கு 'உ'வும் ஏழுக்கு 'எ'வும் எட்டுக்கு 'அ'வும் எழுதுகிறோம். எழுத்து வடிவங்களே நமக்கு எண்களாக நிற்கின்றன. அவர்களோ எண்களை எடுத்து எழுத்துகளாக்கிக்கொண்டார்கள். இன்று நாட்டின் நிர்வாகப் பிரிவுகளுக்கு வடக்கிலிருந்து தெற்காக அந்த எழுத்துகளின் பெயர்களே வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன: ஹா, ஷவியனி, நூனு, ரா, பா, ளவியனி, காஃபு என்று. நெடுங்கணக்கைச் சொல்லத் தெரிந்த குழந்தை நாட்டின் வரைபடத்தையும் சொல்லிவிடும். 1976-இல் டெலக்ஸ் இயந்திரத்தில் தட்டச்சிட வசதியாக ரோமன் எழுத்தை அரசே கொண்டுவந்தது. 1978-இல் புதிய குடியரசுத் தலைவர் வந்ததும் தானாவுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. இயந்திரத்துக்காக எழுத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்ற குரல் தமிழிலும் கேட்ட ஒன்றுதான். ஆகவே அந்தத் திரும்பல் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. 'அட்டோல்' என்று உலக மொழிகளெல்லாம் வளையத்தீவுகளுக்கு வழங்கும் சொல்லும் திவேஹியின் 'அத்தொளு'விலிருந்து சென்றதே.

இனிப் பௌத்தம். மாலத்தீவு இஸ்லாத்தைத் தழுவியது 1153-இல். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது பௌத்த நாடு. லோமாஃபானு எனப்படும் செப்பேடுகள், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டவை, பழைய விகாரைகள் நீக்கப்பட்டுப் பள்ளிவாசல்கள் எழுந்ததைச் சொல்கின்றன. மாற்றம் எல்லாத் தீவுகளிலும் இணக்கமாக நடந்துவிடவில்லை என்பதையும் அவை மறைக்கவில்லை. தென்பகுதித் தீவுகளில் 'ஹவித்தா' என்று மக்கள் அழைக்கும் மண்மேடுகள் சிதைந்த தூபிகளே என்பதை, இலங்கையில் பணியாற்றிய தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் 1922-இல் நேரில் சென்று அகழ்ந்து காட்டினார்.

ஆனால், நீங்கள் மறுபடி மாலே செல்வதானால் முதலில் பார்க்கவேண்டியது ஹுகுரு மிஸ்கி. சுல்தான் முதலாம் இப்ராஹிம் இஸ்கந்தர் 1658-இல் கட்டிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். முழுவதும் பவளக்கல். கடலுக்கடியிலிருந்து வெட்டியெடுக்கும்போது அந்தக் கல் மென்மையாக இருக்கும். காற்றுப்பட்டு உலர உலர இறுகிவிடும். சாந்து பூசாமல், கல்லோடு கல்லைக் கொளுவிப் பொருத்திச் சுவர் எழுப்பி, அதன்மேல் பூவேலையும் எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் அதே கல்லில் செதுக்கிய கல்லறைக் கற்கள் நெருக்கமாக நிற்கின்றன; ஆணுக்கானது கூர்முனையுடையது, பெண்ணுக்கானது வளைந்த தலையுடையது.

உள்ளே சென்றால் தரைவிரிப்பைக் கவனியுங்கள். கட்டடம் மேற்கு நோக்கி நிற்கிறது. மக்காவோ அங்கிருந்து வடமேற்கில் இருக்கிறது. பழைய கோயிலொன்றின் அடித்தளத்தின் மீதே பள்ளி எழுந்தது என்று சொல்கிறார்கள். ஆகையால் தொழுகை வரிசைகள் சுவருக்கு இணையாக இல்லாமல் மூலையை நோக்கிச் சாய்வாக அமைந்திருக்கின்றன. சுவர் ஒரு திசையைக் காட்ட, மனிதர்கள் வேறொரு திசை நோக்கி நிற்கிறார்கள். பழைய அடித்தளத்தை இடித்தெறிய வேண்டிய தேவை அந்த மக்களுக்குத் தோன்றவில்லை. அதன்மேல் நின்றுகொண்டே தங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2012 பிப்ரவரி 7-ஆம் நாள், அரசியல் கொந்தளிப்பின் நடுவே ஒரு கும்பல் மாலேயில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்து, இஸ்லாத்துக்கு முந்திய காலத்துச் சிலைகளை அடித்து நொறுக்கியது. பவளக்கல்லில் செதுக்கிய புத்தர் தலையும் அவற்றில் ஒன்று. தொல்பொருள் மிகக் குறைவாகவே மிஞ்சிய நாடு அது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அங்கே உள்ள பலருக்கும் அது சொந்த இழப்பாகவே இருந்தது என்பதால்தான், அந்த நாட்டைப் பற்றி எழுதும்போது இதை அவர்கள்மீது பழியாக வைக்க என் கை எழவில்லை.

கடைசியாக ஒன்று. மாலத்தீவு மீனவர்களிடம் 'நகைய்' என்றொரு நாட்கணக்கு உண்டு. ஆண்டை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாட்கள் வைத்து, எப்போது காற்று திரும்பும், எப்போது கடல் அடங்கும், எந்த மீன் எப்போது வரும் என்று கணிப்பார்கள். அந்தப் பகுதிகளின் பெயர்கள் அஸ்ஸிதா, புருணு, கேதி, ரோனு என்று தொடங்கும். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று உங்களுக்கே காதில் விழுந்திருக்கும். உங்கள் தாய்மாமா நலமாக இருந்தால், தோணி கிளப்ப நாள் பார்த்ததும் இப்படி ஏதாவது ஒரு கணக்கை வைத்துத்தானா, மாலேத் துறையில் அவர் காதில் விழுந்த சொற்கள் என்னென்ன, போகும்போது என்ன ஏற்றினார்கள் என்றெல்லாம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.