ஒரே கணினியில் இரண்டு உபுண்டு நிறுவினால் ஒன்றோடொன்று மோதுமா?

வேலைக்கு ஒன்று, சோதித்துப் பார்க்க ஒன்று என உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையே இரண்டு தடவை நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நிறுவலாம், என் மடிக்கணினியில் இப்போது மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ரூட் பார்டிஷன் (இயங்குதளம் குடியிருக்கும் வட்டுப் பகுதி), ஆளுக்கு 30 ஜிபி கொடுத்தால் போதும்.

மோதல் வருவது கணினி தொடங்கும் 'பூட்' கட்டத்தில்தான். யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) உள்ள கணினியில் பூட் கோப்புகளுக்கென இஎஸ்பி என்ற சின்ன பார்டிஷன் இருக்கும், அதில் உபுண்டுவுக்கென்று ஒரே ஃபோல்டர். இரண்டாவது உபுண்டுவும் அதே ஃபோல்டரில்தான் எழுதும். அங்கே உள்ள கிரப் (எந்த இயங்குதளத்தில் ஏறுவது என்று மெனு காட்டும் நிரல்) கோப்பைத் திறந்து பாருங்கள், மூன்றே வரிதான், முதல் வரியிலேயே நீளமாக ஒரு யூயூஐடி (பார்டிஷனின் அடையாள எண்) இருக்கும். மெனுவை எந்த பார்டிஷனிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. கடைசியாக யார் கிரப்பை நிறுவினார்களோ அவர்களுடைய யூயூஐடி அங்கே வந்துவிடும். பழைய உபுண்டு எங்கும் போய்விடவில்லை, மெனு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் எது தலைமை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அதற்குள் போய் கிரப்பை நிறுவும் கிரப்-இன்ஸ்டால், அப்புறம் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளைகளைக் கொடுங்கள். மற்றது மெனுவில் வரவில்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, கிரப்பின் அமைப்புக் கோப்பில் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும்.

ஆனால் நான் ஓஎஸ்-புரோபரை நம்புவதில்லை. இரண்டாவது உபுண்டுவில் புது கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வந்தால் அது தன் மெனுவைத்தான் புதுப்பிக்கும், தலைமைக்குத் தெரியாது, நீங்கள் பழைய கெர்னலிலேயே ஏறிக்கொண்டிருப்பீர்கள், ஒரு நாள் அந்தப் பழைய கெர்னல் நீக்கப்பட்டதும் கோப்பு இல்லை என்று நின்றுவிடும். இதற்கு நல்ல வழி, தலைமையின் 40_கஸ்டம் கோப்பில் (நாமே மெனுப் பதிவு சேர்க்கும் இடம்) ஒரு பதிவு எழுதி, கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் இரண்டாவதன் கிரப் மெனுவையே நேராகத் திறக்கச் சொல்வது. ஒரு தடவை எழுதினால் போதும், எத்தனை கெர்னல் வந்தாலும் கவலையில்லை.

ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் ஸ்வாப் பார்டிஷனைப் பொதுவாக வைக்கலாம், ஹைபர்னேட் (நினைவகத்தை ஸ்வாப்பில் சேமித்துக் கணினியை அணைப்பது) செய்யும் பழக்கம் இருந்தால் மட்டும் கூடவே கூடாது. நான் இரண்டாவதை நிறுவும்போது ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்துவிட்டேன், அதன் யூயூஐடி மாறியது, அன்றிலிருந்து முதல் உபுண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துதான் ஏறியது. எந்தெந்தப் பார்டிஷனை இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது எண்ணைப் போட்ட பிறகே சரியானது. டிடி கட்டளை கொண்டு பார்டிஷனை அப்படியே நகல் எடுப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல்: இரண்டு பார்டிஷனுக்கும் ஒரே யூயூஐடி. டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் நகலின் எண்ணை மாற்றி, அதன் எஃப்எஸ்டேப்பிலும் கிரப் மெனுவிலும் உள்ள பழைய எண்ணைத் திருத்தி, தலைமையில் அப்டேட்-கிரப் கொடுத்துவிட்டு அப்புறம் பூட் செய்யுங்கள்.

உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் ஃபோல்டரைப் பகிர வேண்டாம். புதுப் பதிப்பில் திறந்த ஃபயர்பாக்ஸ் புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது, மற்ற அமைப்புகளும் குழம்பும். ஆவணங்களுக்குத் தனி பார்டிஷன் போட்டு இரண்டிலும் மவுன்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). இரண்டிலும் முதல் பயனரின் எண் 1000 என்பதால் அனுமதிச் சிக்கலும் வராது.

இரண்டுக்கும் வேறு வேறு ஹோஸ்ட் பெயர் (கணினியின் பெயர்) வையுங்கள். டெர்மினலில் எதையாவது அழிக்கும் முன் எந்த உபுண்டுவுக்குள் இருக்கிறோம் என்று அந்தப் பெயர் தெரியும் கட்டளை வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.