மூன்றாம் கிளாரினெட்டுக்கும் ஒரு மெட்டு

ராணுவ பேண்டில் யூபோனியம் என்ற கீழ்க்குரல் பித்தளை வாத்தியம் வாசித்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் இருந்தபடி நீலகிரிப் பள்ளிகளின் பேண்ட் குழுக்களுக்குப் பயிற்சி தரும் பேண்ட் மாஸ்டர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பள்ளி பேண்டில் நான் மூன்றாம் கிளாரினெட். மெட்டு எல்லாம் டிரம்பெட்டுக்கும் முதல் கிளாரினெட்டுக்கும் போய்விடுகிறது. எனக்கு வருவது நான்கைந்து சுரங்கள். அவற்றையே திரும்பத் திரும்ப ஊதுகிறேன். எங்களைப் போன்றவர்களும் ஆசையாக வாசிக்கும்படி ஏதாவது இசை உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி

பதில்: உண்டு மகளே. இதே கேள்வியை உன் பேண்ட் மாஸ்டரிடமும் கேள். பிள்ளைகளுக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரிசைக்காரரின் தாளைத்தான். புதிய இசை கைக்கு வந்தால் நான் முதல் டிரம்பெட் பாகத்தைத் தொடுவதே இல்லை. மூன்றாம் கிளாரினெட், இரண்டாம் ஹார்ன், யூபோனியம் ஆகிய மூன்று பாகங்களையும் தனித்தனியே வாசித்துப் பார்ப்பேன். துணையில்லாமலே அவை காதுக்கு இதமாக இருந்தால் அந்த இசை பள்ளிக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு எந்த இசை பிடிக்கிறது என்பது பெரும்பாலும் அதில் தங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்ததுதான்.

உனக்காக இரண்டைச் சொல்கிறேன். முதலாவது பீத்தோவன் 1824இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் ஆனந்த கீதம். அந்த மெட்டு ஏறக்குறைய முழுவதும் ச ரி க ம ப என்ற ஐந்து அடுத்தடுத்த சுரங்களுக்குள்ளேயே உலவுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கீழே மந்தர பஞ்சமத்தைத் தொட்டு வருகிறது. பீத்தோவன் அதை முதலில் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? வயலின்களிடமும் இல்லை, டிரம்பெட்டுகளிடமும் இல்லை. கீழ்க்குரல் வாத்தியங்களான செல்லோக்களும் டபுள் பேஸ்களும், துணைக்கு யாரும் இல்லாமல், மெல்லத் தொடங்குகின்றன. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பிறகுதான் சேர்கிறார்கள். உங்கள் பேண்டிலும் அப்படியே செய்யுங்கள். முதல் சுற்றை மூன்றாம் கிளாரினெட்டுகள் மட்டும் கீழ்ஸ்தாயியில் வாசிக்கட்டும். கிளாரினெட்டின் அந்தக் கனத்த, மரவாசனை வீசும் குரலுக்கு இணை கிடையாது. முதல் கிளாரினெட்காரர்கள் மேலேயே திரிவதால் அதன் சுகம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

இரண்டாவது சற்றுக் கடினமானது. கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய இ பிளாட் முதல் தொகுப்பின் முதல் பகுதி. ஹோல்ஸ்ட் இளமையில் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். பிறகு லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் இசை கற்பித்தவர். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனம் அவருக்குத் தெரியும். எட்டே தாளச் சுற்று நீளமுள்ள ஒரு மெட்டு. அதை டியூபாவும் யூபோனியமும் அடியில் தொடங்கி வைக்கின்றன. பிறகு அது வாத்தியத்திலிருந்து வாத்தியத்துக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. நடுவில் தலைகீழாகவும் திரும்புகிறது: முன்பு ஏறிய இடத்தில் இறங்கும், இறங்கிய இடத்தில் ஏறும். மெட்டு தன் கையில் இல்லாத நேரத்திலும் அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் காது கொடுத்துத் தேடியே ஆக வேண்டும். முழுவதையும் வாசிக்கப் பள்ளிக் குழுவுக்கு ஓர் ஆண்டு பிடிக்கலாம். பிடிக்கட்டும்.

கேள்வி: அறைக்குள் சுருதி சேர்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஆனால் குடியரசு தினக் காலையில் மைதானத்துக்குப் போனதும் எல்லாம் இறங்கிவிடுகிறது. லைரா என்ற உலோகப் பட்டை வாத்தியத்தோடு சேரவே இல்லை. வாத்தியங்கள் பழசானதுதான் காரணமா?
– ஆசிரியர், ஊட்டி

பதில்: இல்லை, குளிர்தான் காரணம். குழல் வாத்தியத்தின் சுருதி அதற்குள் இருக்கும் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. 20 டிகிரியில் அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். 10 டிகிரியில் சுமார் 337. இதனால் சுருதி அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில் இன்னும் கீழே போகும். லைராவின் உலோகப் பட்டைகளோ குளிரில் இறங்குவதில்லை, மிக லேசாக ஏறவே செய்யும். அதனால்தான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது ஒலி எழுப்பாமல் குழாய்க்குள் மூச்சை ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மவுத்பீஸ்கள் ஸ்வெட்டர் பைக்குள் இருக்கட்டும். சுருதி சேர்ப்பதை வெளியே, அணிவகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன் செய்யுங்கள். மரக் கிளாரினெட்டை மட்டும் ஹீட்டர் பக்கத்திலிருந்து நேராகப் பனிக்குள் கொண்டு போகாதீர்கள், வெடித்துவிடும். அன்றைய நிகழ்ச்சியில் லைராவுக்குத் தனியாக ஒரு பாகம் கொடுத்து, மற்றவர்கள் வாசிக்கும்போது அதை ஓய விடுவது நல்லது.

கேள்வி: பேண்ட் என்றாலே வெள்ளைக்காரர்களின் மார்ச் இசைதானா? நம்முடையது எதுவும் அதற்குப் பொருந்தாதா?
– ஒரு மாணவனின் தந்தை, கூடலூர்

பதில்: முத்துசுவாமி தீட்சிதரே பேண்டு கேட்டவர். மணலியில் குடும்பத்தோடு தங்கியிருந்த நாட்களில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய வாத்தியக் குழு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டு சுரங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. ‘சியாமளே மீனாட்சி’யின் மெட்டு, மழலையர் வகுப்பில் நட்சத்திரத்தைப் பார்த்து உங்கள் மகன் பாடிய அதே மெட்டு. எல்லாம் சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், நேர் சுரங்களாக இருப்பவை. வால்வு அழுத்தி வாசிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மேற்கையும் தெற்கையும் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தைத்து வைத்திருக்கிறார். நாம் எடுத்து உடுத்த வேண்டியதுதான்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் வரிகளுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் மோகனத்தில் அமைத்த மெட்டு. அரைச்சுர இடைவெளியே இல்லாத ஐந்து சுர ராகம் என்பதால், இளம் பிள்ளைகள் சற்றுத் தடுமாறினாலும் காதைக் குத்தாது. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: பேண்டுக்கு வசதியான சுருதியை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பாடச் சொல்லாதீர்கள். பாடுகிறவர்களின் தொண்டைக்கு ஏற்ற சுருதியை முதலில் கண்டுபிடித்து, அதற்கு பேண்டை இறக்குங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிகிளும் டிரம்மும் மட்டுமே உண்டு. மோகனம் வாசிக்க முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: முடியாது. வால்வு இல்லாத பிகிளில் நடைமுறையில் கிடைப்பவை ச, க, ப ஆகிய மூன்று சுரங்களும் அவற்றின் மேல், கீழ் வடிவங்களும்தான். மோகனத்துக்கு ரியும் தயும் வேண்டும். வருத்தப்படாதீர்கள். பிகிள் பேண்டில் பாட்டை எடுத்துச் செல்வது டிரம். சைடு டிரம்காரர்களுக்கு நல்ல உருட்டல் கற்றுக்கொடுங்கள். பிகிள்களை இரு அணியாகப் பிரித்து, ஓர் அணி கேட்க மற்றோர் அணி பதில் சொல்லும்படி அமையுங்கள்.

கேள்வி: படுக ஆட்டத்துக்கான இசையை எங்கள் பேண்டில் வாசிக்க ஆசை. யாரும் எழுதி வைக்கவில்லை. எப்படித் தொடங்குவது?
– பேண்ட் குழுத் தலைவன், ஊட்டி அருகே ஒரு ஹட்டி (படுகர் ஊர்)

பதில்: எழுதுவதை இப்போதைக்கு மறந்துவிடு, தம்பி. உன் ஹட்டியில் ஆட்டத்தை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடப் பாட நீயும் பாடு. பாட வராத எதையும் ஊத முடியாது. ஆடுகிறவர்களின் கால் எங்கே விழுகிறது என்று பார்த்து பேஸ் டிரம்மை அங்கே வை. மெட்டைக் கிளாரினெட்டிடம் கொடு. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் கோத்தர் பழங்குடியினர் ஊதிவரும் கொல் என்ற குழலும் நாக்கு வைத்த வாத்தியம்தான். அதன் வளைவுகளைக் கிளாரினெட் ஓரளவு பிடிக்கும், டிரம்பெட் பிடிக்காது. மேற்கத்திய முறையில் கீழே வேறு சுரங்களை அடுக்காதே. ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பதுதான் இதற்கு அழகு.

ஒன்றை மறக்காதே. கோத்தர்களிடம் தெய்வத்துக்கென்று ஒரு வகை, ஆட்டத்துக்கென்று ஒரு வகை, சாவுக்கென்று ஒரு வகை மெட்டுகள் உண்டு. எங்கோ பதிவான ஒன்றைக் கேட்டு, அழகாக இருக்கிறதே என்று பள்ளி ஆண்டு விழாவில் வாசித்துவிடக் கூடாது. எந்த மெட்டை எங்கே வாசிக்கலாம் என்பதை உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே தொடு.

கேள்வி: மார்ச் இசை எந்த வேகத்தில் இருக்க வேண்டும்?
– ஆசிரியை, குன்னூர்

பதில்: விரைவு நடைக்கு நிமிடத்துக்கு 120 அடி. தேசிய கீதம் முழுவதற்கும் 52 விநாடி, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. மேட்டில் ஏறும்போது வாசிக்க வைக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். ஏற்றத்தில் டிரம் மட்டும், சமதளத்தில் முழு பேண்ட்.

கேள்வி: நீங்கள் வாசித்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?
– வாசகி, அருவங்காடு

பதில்: ‘அபைட் வித் மீ’. 1861இல் வில்லியம் ஹென்றி மாங்க் அமைத்த மெட்டு; காந்தியடிகளுக்குப் பிடித்த பாடல். டெல்லியில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் நெடுங்காலம் ஒலித்து, 2022இல் நீக்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த இடத்தில் நம் மொழிகளின் பாடல்கள் ஒலிப்பதை முழு மனதோடு வரவேற்கிறேன், இதையும் வைத்திருக்கலாம்.

அதில் வேகம் கிடையாது, விரல் வித்தையும் கிடையாது. நீண்ட சுரங்கள்தான். மூச்சு நடுங்கினால் உடனே தெரிந்துவிடும். யூபோனியத்துக்கு அதில் வரும் உள்பாகம் மெட்டுக்குக் கீழேயே, அதைத் தாங்கியபடி நகர்கிறது; மெட்டை விட்டுவிட்டு அந்தப் பாகத்தை மட்டுமே நாள் முழுவதும் என்னால் வாசிக்க முடியும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் மார்ச்சுக்கு முன் இதைத்தான் எடுத்துக்கொடுக்கிறேன். நாலு பாகத் துதிப்பாடலாக எழுதப்பட்டது என்பதால் சிறிய குழுவும் வாசிக்கலாம். முதல் வாரம் மெட்டே வேண்டாம். கீழ்க்குரல்கள் மூன்றையும் மட்டும் வாசிக்கச் செய்யுங்கள்.