நியூ ஜெர்ஸில கவுண்டிக்கு கவுண்டி கேன்சர் ரேட் ஏன் இவ்வளவு மாறுது? ஓஷன் கவுண்டில வீடு வாங்கலாமா?

கேட்டவரோட கேள்வி சுருக்கமா இதுதான்: மிடில்செக்ஸ் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) எடிசன்ல வாடகைக்கு இருக்காங்க, ஓஷன் கவுண்டில டாம்ஸ் ரிவர் பக்கம் வீடு பாக்குறாங்க, ஸ்டேட் கேன்சர் மேப்ல ஓஷன் கவுண்டி ரேட் ஜாஸ்தின்னு அடர்த்தியான கலர்லயும் ஹட்சன் கவுண்டி ரேட் கம்மின்னு வெளிறிப் போயும் இருக்கு, வீட்ல ரெண்டு சின்னப் பசங்க, போகலாமா வேண்டாமா.

போகலாங்க. வேண்டாம்னு முடிவு பண்றதுக்கு ஸ்கூல், டாக்ஸ், கமியூட்னு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா அந்த மேப் ஒரு காரணம் இல்ல. நான் பிரின்ஸ்டன் பக்கம் பார்மா கம்பெனில பயோஸ்டாட்ஸ், அதாவது மருத்துவப் புள்ளிவிவர வேலை பாக்குறேன், இந்த மாதிரி ரேட் டேபிள்களோடதான் பொழுது போகுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு பாத்துடுவோம். ஒரு லட்சம் பேருக்கு வருஷத்துக்கு எத்தனை பேருக்கு புதுசா கேன்சர் கண்டுபிடிக்கறாங்கங்கறது தான் இன்சிடன்ஸ் ரேட், வழக்கமா அஞ்சு வருஷ டேட்டாவ சேத்து சராசரி எடுப்பாங்க. நியூ ஜெர்ஸி மொத்தத்துக்கும் இது 480 கிட்ட வரும். ஹட்சன் கவுண்டி 400ஐ ஒட்டி நிக்கும், தெற்குல கிளாஸ்டர், கேப் மே, கடற்கரைப் பக்கம் ஓஷன் இதெல்லாம் 500ஐ தாண்டிடும். மொத்தம் 21 கவுண்டி, ஒரு கோடி ஜனம் கூட முழுசா இல்லாத ஸ்டேட், ஹட்சன்ல இருக்கற ஜெர்ஸி சிட்டில இருந்து காரை எடுத்தா ஒண்ணரை மணி நேரத்துல டாம்ஸ் ரிவர் வந்துடும், அதுக்குள்ள இவ்வளவு வித்தியாசமான்னு தோணறது நியாயம் தான்.

கீழ கமெண்ட்ல ஒருத்தர் "அங்க எல்லாம் ரிட்டயர் ஆன கிழடுங்க, அதான் ரேட் ஜாஸ்தி"ன்னு எழுதியிருக்கார். பாதி சரி. ஓஷன் கவுண்டில பெர்க்லி, மான்செஸ்டர் பக்கம் போனா 55 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னே கட்டின காலனிகள் வரிசையா இருக்கும், அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு மேல 65 தாண்டினவங்க, ஹட்சன்ல எட்டு பேர்ல ஒருத்தர் தான். (அதே ஓஷன் கவுண்டில லேக்வுட் இருக்கு, அங்க பாதி ஜனம் இருபது வயசுக்குள்ள, இப்படி ரெண்டு எக்ஸ்ட்ரீமும் ஒரே கவுண்டில இருக்கறது ரொம்ப அபூர்வம்.) ஆனா மேப்ல போடற ரேட் வயச ஏற்கெனவே சரிக்கட்டினது. 2000ல அமெரிக்காவுல இருந்த வயசு விகிதத்த ஒரு பொது அளவா வச்சு, எல்லா கவுண்டிலயும் அதே விகிதத்துல கிழவங்களும் குழந்தைங்களும் இருந்தா ரேட் என்ன வரும்னு கணக்கு போட்டுடறாங்க. அதனால வயசு காரணமா கேஸ் எண்ணிக்கை கூடும், ரேட் கூடாது. வயச கழிச்ச பிறகும் ஓஷன் மேல நிக்குதுன்னா வேற ஏதோ இருக்கு.

அந்த வேற ஏதோல பெரிய பங்கு என்னன்னா, கேன்சர் ரெஜிஸ்ட்ரி ஒரு ஆள எந்த கவுண்டில எழுதுது? நோய் கண்டுபிடிச்ச அன்னிக்கு அவர் குடியிருந்த அட்ரஸ்ல. புரூக்ளின்லயோ ஸ்டேட்டன் ஐலண்ட்லயோ நாப்பது வருஷம் இருந்து, தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதி, கட்டட வேலையோ துறைமுக வேலையோ பாத்துட்டு, 62 வயசுல கடற்கரை ஓரம் நிம்மதியா இருக்கலாம்னு ஓஷன் கவுண்டிக்கு வந்து, 68ல நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சா அது ஓஷன் கணக்கு. நுரையீரல் கேன்சர்ல சிகரெட் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கும் நோய் தெரியறதுக்கும் நடுவுல இருபது முப்பது வருஷம் ஓடிடும். அப்படின்னா இன்னிக்கு மேப்ல தெரியற நிறம் ஓரளவுக்கு வேற ஊர்ல, வேற காலத்துல நடந்ததோட நிழல். நீங்க வாங்கப் போற வீட்டோட தண்ணிக்கும் காத்துக்கும் அதுல என்ன சம்பந்தம்?

அடுத்தது யார் யார் குடியிருக்காங்கங்கறது. அமெரிக்காவுல ஆசியர்களுக்கு மொத்த கேன்சர் ரேட் ஒரு லட்சத்துக்கு 300 சுத்தி, வெள்ளைக்காரங்களுக்கு 450க்கு மேல. ஹிஸ்பானிக் மக்களுக்கும் வெள்ளைக்காரங்கள விட கம்மி. இதுல வேற நாட்டுல பொறந்து வந்தவங்களுக்கு இன்னும் கம்மி. இப்ப ஹட்சன எடுத்துக்கோங்க, பத்துல நாலு பேர் வெளிநாட்டுல பொறந்தவங்க, அதே அளவு ஹிஸ்பானிக். நீங்க இருக்கற மிடில்செக்ஸ்ல நாலுல ஒருத்தர் ஆசியர், அதுல பெரும்பாலும் நம்மாளுங்க தான், எடிசன் ஓக் ட்ரீ ரோட்ல நடந்தா தெரியுமே. ஓஷன் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. ஆக ஹட்சன் வெளிறித் தெரியறதுக்கு ஹட்சன் காத்து சுத்தம்னு அர்த்தம் இல்ல (டர்ன்பைக்ங்கற டோல் ஹைவேல கண்ணாடிய இறக்கிட்டு போனவங்களுக்கு அத நான் சொல்லவே வேண்டாம்). அங்க குடியிருக்கற ஜனத்தோட ரேட் அது. நீங்க டாம்ஸ் ரிவருக்கு குடி போனா ஓஷன் கவுண்டி ரேட் உங்க மேல வந்து ஒட்டிக்காது, உங்க வயசு, குடும்ப வரலாறு, சிகரெட் பழக்கம், உடம்பு எடை எல்லாத்தையும் நீங்க எடிசன்ல இருந்து கூடவே கொண்டு போறீங்க.

இன்னொண்ணு, "எல்லா கேன்சரும் சேத்து"ன்னு போடற மேப்ப நான் பாக்கறதே இல்ல. கேன்சர்ங்கறது நூறு வியாதிக்கு ஒரு பேர், அத எல்லாம் கூட்டி ஒரு கலர் அடிச்சா ஒண்ணும் விளங்காது. தனித்தனியா பிரிச்சா தான் கவுண்டி புரியும். நுரையீரல் கேன்சர் மேப் போட்டா கிட்டத்தட்ட பழைய சிகரெட் மேப் தான் வரும், சேலம், கம்பர்லண்ட், கிளாஸ்டர், கேப் மே, ஓஷன் மேல, சாமர்செட், மிடில்செக்ஸ், பெர்கன் கீழ. (இது அமெரிக்க சேலம், மாம்பழ சேலம் இல்ல.) மெலனோமாங்கற தோல் கேன்சர் எடுத்தா வெள்ளைத் தோலும் பீச்சும் சேர்ற இடம் எல்லாம் சிவக்கும், கேப் மே முன்னாடி நிக்கும், ஹட்சன் காணாமலே போயிடும். இரைப்பை கேன்சர் எடுத்தா கதை தலைகீழ், அது வெள்ளைக்காரங்கள விட ஹிஸ்பானிக், கறுப்பின, ஆசிய மக்கள்கிட்ட தான் அதிகம்.

மார்பக கேன்சரும், ஆம்பளைங்களுக்கு வர்ற புரோஸ்டேட் கேன்சரும் இன்னும் வேற மாதிரி. இங்க தேடற அளவுக்குத் தான் கிடைக்கும். வசதியான, நல்ல இன்சூரன்ஸ் இருக்கற, வருஷா வருஷம் மேமோகிராம்ங்கற மார்பக எக்ஸ்ரே எடுக்கற கவுண்டில மார்பக கேன்சர் ரேட் ஜாஸ்தியா தான் தெரியும், ஹன்டர்டன் மாதிரி. அங்க பெண்கள் குழந்தை பெத்துக்கறதும் லேட், அதுவும் ரிஸ்க் கொஞ்சம் கூட்டும். புரோஸ்டேட் ரேட் பி.எஸ்.ஏங்கற ரத்த டெஸ்ட் எவ்வளவு பேர் பண்றாங்கங்கறத பொறுத்து நாடு முழுக்கவே ஏறி இறங்கினது, 1992 வாக்குல உச்சிக்கு போச்சு, அப்புறம் 2012ல எல்லாருக்கும் இந்த டெஸ்ட் வேண்டாம்னு அரசு சார்ந்த நிபுணர் குழு சொன்னதும் சரிஞ்சுது. நாலு வருஷத்துல ஆம்பளைங்க உடம்பு மாறிடுமா என்ன, டெஸ்ட் பண்றது மாறிச்சு, அவ்வளவுதான். அதனால தான் இன்சிடன்ஸ் பக்கத்துலயே மார்டாலிட்டி ரேட்டையும், அதாவது சாவு ரேட்டையும் வச்சுப் பாக்கணும்னு சொல்றது. நியூ ஜெர்ஸியே அதுக்கு உதாரணம், புதுசா கண்டுபிடிக்கற ரேட் தேசிய சராசரிய விட மேல, சாவு ரேட் தேசிய சராசரிய விட கீழ. கவுண்டி லெவல்லயும் அப்படித்தான், ஹன்டர்டன்ல கண்டுபிடிக்கறது நிறைய, சாகறது கம்மி, சேலம், கம்பர்லண்ட் பக்கம் சாவு ரேட் மேல. எனக்கு கவலை வர்றது ஓஷன பாத்து இல்ல, இந்த ரெண்ட பாத்து தான், ஏன்னா அங்க லேட்டா கண்டுபிடிக்கறாங்க, சம்பாத்தியம் கம்மி, பெரிய ஆஸ்பத்திரி தூரம், சிகரெட் இன்னும் விடல.

சேலம் கவுண்டி பத்தி இன்னொரு விஷயமும் சொல்லணும். மொத்த ஜனத்தொகையே 65,000 தான், பெர்கன்ல ஒன்பது லட்சத்துக்கு மேல. கொஞ்சம் அபூர்வமான கேன்சர்னா சேலத்துல அஞ்சு வருஷம் சேத்தாலும் இருபது கேஸ் தேறாது, ரெண்டு மூணு கேஸ் கூடினா ரேட் எகிறும், குறைஞ்சா பாதாளத்துக்கு போகும். அதனால தான் தேசிய கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் சி.டி.சிங்கற அரசு நோய்த்தடுப்பு மையமும் சேந்து நடத்தற தளத்துல 16 கேசுக்கு கீழ இருந்தா நம்பரையே காட்ட மாட்டாங்க. காட்டற நம்பருக்கும் பக்கத்துல, நிஜ ரேட் இதுல இருந்து இது வரைக்கும் இருக்கலாம்னு ஒரு ரேஞ்ச் போட்டிருப்பாங்க, அத யாரும் படிக்கறதில்ல. ரெண்டு கவுண்டியோட ரேஞ்ச் ஒண்ணு மேல ஒண்ணு நல்லா விழுந்தா எது முதல் எது ரெண்டாவதுன்னு சண்டை போடறதுல அர்த்தமே இல்ல. அமெரிக்கா முழுக்க பாத்தாலும் அரிய கேன்சர்கள்ல ரேட் ரொம்ப மேல இருக்கற கவுண்டிகளும் ரொம்ப கீழ இருக்கற கவுண்டிகளும் ரெண்டுமே ஜனம் கம்மியான கிராமத்து கவுண்டிகளா தான் இருக்கும், காரணம் இந்த கணக்கு விளையாட்டு தான்.

சரி, டாம்ஸ் ரிவர்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற அந்த விஷயத்துக்கு வர்றேன், நீங்க கேக்கலன்னாலும் உங்க மனசுல அது தான் ஓடும்னு தெரியும். அங்க 1952ல இருந்து ஒரு பெரிய சாயக் கம்பெனி, சிபா, ஓடிட்டு இருந்துது. 1971ல யூனியன் கார்பைடோட கெமிக்கல் கழிவு இருந்த ஆயிரக்கணக்கான டிரம்ம ஒரு கான்ட்ராக்டர் ரைக் ஃபார்ம்ங்கற இடத்துல கொண்டு வந்து கொட்டிட்டார், அது மண்ணுல இறங்கி ஊருக்கு தண்ணி குடுக்கற பார்க்வே கிணறுகள் வரைக்கும் போச்சு. டாம்ஸ் ரிவர்லேந்து இவ்வளவு குழந்தைங்க வர்றாங்களேன்னு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் ஆஸ்பத்திரில ஒரு நர்ஸ் கவனிச்சு சொன்னது தான் 90கள் நடுவுல விசாரணையா கிளம்பிச்சு. அப்போ அந்த டவுன்ஷிப் பேரு டோவர். 1979ல இருந்து 1995 வரைக்கும் அங்க 67 குழந்தைங்களுக்கு கேன்சர் வந்திருக்கும்னு எதிர்பார்த்த இடத்துல 90 பேருக்கு வந்திருந்துது. கர்ப்ப காலத்துல அம்மா அந்த பார்க்வே கிணத்து தண்ணி குடிச்சதுக்கும் பெண் குழந்தைங்களுக்கு வந்த லுகேமியாங்கற ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியுதுன்னு அரசு ஆய்வு சொல்லுச்சு. 2001ல 69 குடும்பங்களுக்கு கம்பெனிகள் நஷ்டஈடு குடுத்து செட்டில் பண்ணாங்க, தப்ப ஒத்துக்கல.

இப்ப இத கவுண்டி மேப்போட வச்சு பாருங்க. 17 வருஷத்துல 23 குழந்தைங்க கூடுதல். ஒவ்வொரு வீட்லயும் அது எப்படிப்பட்ட இடின்னு சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஓஷன் கவுண்டில இப்ப ஒரே வருஷத்துல 4,000க்கு மேல புது கேஸ் பதிவாகுது, அந்த 23ஐ 17 வருஷத்துக்கு பிரிச்சா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தான் வரும், அதுல ரேட் அசையறது கண்ணுக்கே தெரியாது. நிஜமாவே தண்ணில விஷம் கலந்த ஊர் கவுண்டி மேப்ல தெரியவே தெரியாது, மேப்ல தெரியற சிவப்புக்கு காரணம் அந்த விஷமும் இல்ல. அதனால மேப் வெளிறி இருந்தா பயப்பட வேண்டாம்னும் எடுத்துக்காதீங்க, உங்க கேள்விக்கு பதில் சொல்ற சைஸ்ல அந்த மேப் இல்ல, அவ்வளவு தான்.

உங்க கேள்விக்கு சைஸ் ஒரு வீடு, ஒரு தண்ணி லைன். ராடான் வாயுவ எடுத்துக்கோங்க, சிகரெட்டுக்கு அடுத்து நுரையீரல் கேன்சருக்கு காரணம் அது தான், பாறையில இருந்து பேஸ்மென்ட் வழியா வீட்டுக்குள்ள ஏறும். ஹன்டர்டன், வாரன், சசெக்ஸ், மாரிஸ் பக்கம் ராடான் அதிகம், ஓஷன் மணல் பூமி, பொதுவா கம்மி. ஆனா நுரையீரல் கேன்சர் ரேட் ராடான் அதிகம் இருக்கற ஹன்டர்டன விட ஓஷன்ல தான் மேல, சிகரெட் அவ்வளவு தூரம் ராடான அமுக்கிடுது. இருந்தாலும் வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷனோட ராடான் டெஸ்ட்டும் கேளுங்க, அடுத்தடுத்த வீட்டுக்கே மாறும். ஒரு லிட்டர் காத்துக்கு 4 பிகோக்யூரி (ராடான அளக்கற அளவு) தாண்டினா ஃபேன் வச்ச பைப் போட்டு வெளிய தள்ளிடலாம், வாங்கற வீட்டோட விலைக்கு முன்னாடி அந்த செலவு ஒண்ணுமே இல்ல, விக்கறவர் தலையிலயும் கட்டலாம்.

தண்ணிக்கு, வீடு டவுன் சப்ளையா சொந்தக் கிணறான்னு முதல்ல கேளுங்க. டவுன் சப்ளைன்னா தண்ணி கம்பெனி வருஷா வருஷம் ஒரு குவாலிட்டி ரிப்போர்ட் போட்டே ஆகணும், எடுத்து படிங்க. சொந்தக் கிணறுன்னா விக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும்னு 2002ல இருந்தே இங்க சட்டம் இருக்கு, அந்த ரிசல்ட் கைக்கு வராம கையெழுத்து போடாதீங்க. இந்த விஷயத்துல நியூ ஜெர்ஸி நிஜமாவே கறார், ஆர்சனிக்குக்கு நாடு முழுக்க 10 பிபிபி (நூறு கோடில பத்து பங்கு)ன்னா இங்க 5, லேசுல அழியாத பிஃபாஸ் கெமிக்கல்களுக்கு ஃபெடரல் அரசு அசையறதுக்கு முன்னாடியே 2018லயும் 2020லயும் லிமிட் கொண்டு வந்தாங்க.

அப்புறம் உங்க வீட்டம்மாவுக்கு 40 ஆச்சுன்னா மேமோகிராம், உங்களுக்கு 45 ஆச்சுன்னா பெருங்குடல பாக்கற கொலனாஸ்கோபி, எந்த கவுண்டில இருந்தாலும். சவுத் ஏசியன் பெண்களுக்கு மார்பக கேன்சர் ரேட் கம்மி தான், ஆனா வர்றவங்களுக்கு வெள்ளைக்கார பெண்கள விட இளவயசுல வருது, அதனால "நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு தள்ளிப் போடாதீங்க.

டாம்ஸ் ரிவர்ல இருந்து மன்ஹாட்டனுக்கு தினம் பஸ்ல போய் வர்றது பத்தி தனிக் கேள்வியா போடுங்க, அதுக்கு எங்கிட்ட இவ்வளவு சாந்தமான பதில் இல்ல.