ஓவியருக்குக் கூலி

கேள்வி: 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை என்ற பெயரில் அமெரிக்க அரசு ஓவியர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுத்ததாமே? குழி தோண்டிக் குழியை மூடுகிற ஊதாரித்தனம்தானே அதுவும்?

பதில்: இந்தக் கேலியை அன்றைக்கே அங்கேயே அடித்துத் தீர்த்துவிட்டார்கள். 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைவாய்ப்புத் திட்டத்து ஆட்கள் என்றாலே மண்வெட்டியில் சாய்ந்து நின்று கூலி வாங்குகிறவர்கள் என்று பேச்சு. சான் பிரான்சிஸ்கோ பக்கம் போனால் அந்தச் சோம்பேறிகள் என்ன செய்து வைத்தார்கள் என்று பாருங்கள்.

கடலோரத்தில், கப்பல் ஒன்று கரையேறி நிற்பதுபோல் வெள்ளைக் கட்டடம்: அக்வாட்டிக் பார்க் குளியல் மண்டபம். 1936இல் தொடங்கி 1939இல் திறந்தார்கள். முகப்பின் பச்சை சிலேட்டுக் கல்லைச் செதுக்கியவர் சார்ஜன்ட் ஜான்சன் என்ற கறுப்பினச் சிற்பி. ஊரார் குளிக்கவும் உடைமாற்றவும் கட்டியதை நகராட்சி தனியாருக்குக் குத்தகை விட்டது. கட்டியது மக்கள் பணம், கல்லா கட்டியது குத்தகைக்காரர்! திட்டுவதென்றால் அதைத் திட்டுங்கள், கல் செதுக்கியவரை விட்டுவிடுங்கள்.

ஓவியர் விஷயத்துக்கு வருகிறேன். அதே ஊரின் காய்ட் கோபுரம் லில்லி காய்ட் என்ற பெண்மணி எழுதிவைத்த பணத்தில் 1933இல் எழுந்தது. அதன் உள்சுவர்களில் 1934இல் வரைந்தவர்களுக்குத்தான் அரசு கூலி; டபிள்யூ.பி.ஏ.வுக்கு முந்தைய ஓர் அரசுத் திட்டத்தில். பெர்னார்டு ஸாக்ஹைமின் நூலகக் காட்சியில் சக ஓவியர் ஒருவரின் சாயலில் ஓர் ஆள், ஒரு கையால் செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டே மறு கையால் மார்க்ஸின் 'மூலதன'த்தை எடுக்கிறார். வெளியே துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டு இருவர் பலி. அதிகாரிகள் பதறிப்போய்க் கோபுரத்தைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். கிளிஃபோர்டு வைட் வரைந்த அரிவாள் சுத்தியலை அழித்துவிட்டு அக்டோபரில்தான் திறந்தார்கள். 'மூலதனம்' எப்படியோ தப்பித்தது.

அங்கே வரைந்த இன்னொருவர் விக்டர் அர்னாடாஃப். 1936இல் அதே ஊரின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் 13 சுவரோவியங்கள் வரைந்தார். வாஷிங்டனின் பண்ணையில் அடிமைகள் உழைக்கிறார்கள். இறந்து கிடக்கும் பூர்வகுடி ஒருவரைக் கடந்து வெள்ளையர்கள் மேற்கே போகிறார்கள். அரசாங்கக் கூலியை வாங்கிக்கொண்டே தேசத்தந்தையின் கணக்கைத் திறந்து காட்டிய மனிதர்! 2019இல், மாணவர் மனம் புண்படுகிறது என்று, அதற்கு வண்ணம் பூசி மறைக்கப் பள்ளி வாரியம் தீர்மானித்தது. அந்தப் பிணத்தைத் தினம் பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் பூர்வகுடிப் பிள்ளையின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தைக் காட்டிய ஓவியத்தை மறைத்தால் லாபம் யாருக்கு? அப்புறம் பலகை வைத்து மறைத்தால் போதும் என்றார்கள். முன்னாள் மாணவர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2022இல் வாரியம் அந்த முடிவையும் கைவிட்டது. வண்ணம் பூச மட்டும் அவர்கள் போட்ட மதிப்பீடு சுமார் 6 லட்சம் டாலர். ஊதாரித்தனம் பற்றிய உங்கள் கேள்வியை அந்த வாரியத்துக்கு அனுப்பியிருக்கலாம்.