காயிலை இடம் மாற்றினால் மிஸ்ஸிங் நிற்குமா?

கேள்வி: என்னிடம் 1986 மாடல் ராஜ்தூத் 350 இருக்கிறது. இருபது கிலோமீட்டர் ஓடியதும் வலது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது. ஆறவைத்தால் சரியாகிவிடுகிறது. டேங்குக்கு அடியில் இருக்கும், பிளக்குக்குப் பொறி தரும் காயில் சூடாகிறது, சீட்டுக்கு அடியில் மாற்றி 40,000 வோல்ட் காயில் இரண்டு போடலாம் என்கிறார், ஸ்பேர் வாங்கித் தரும் ஒருவர். கிட்டுக்கு 7,500 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா? (வாசகர், கரூர்)

பதில்: இப்போது வேண்டாம். காயில் கெட்டிருக்கிறதா என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் ஒரு வசதி உண்டு. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட் (காயிலில் ஓடும் கரன்டை வெட்டிவிடும் சின்ன ஸ்விட்ச்), தனித்தனிக் காயில். டேங்கைக் கழற்றிவிட்டு, பாயின்டிலிருந்து வரும் வயர்களை இரண்டு காயிலுக்கும் இடையே மாற்றிப் போடுங்கள். பிளக் வயர்களையும் அதேபோல மாற்றுங்கள். டேங்கை மாட்டிக்கொண்டு அதே இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். இப்போது இடது சிலிண்டர் படுத்தால் காயில்தான். அல்லது அந்தக் காயிலோடு போகிற பிளக் கேப். வலதே மறுபடி படுத்தால் காயில்மேல் பழி போடாதீர்கள். பாயின்டோடு இணைந்து, அதில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டன்சரைப் பாருங்கள். சூடானதும் மக்கர் செய்வதில் கண்டன்சர் காயிலுக்குக் குறைந்ததல்ல. பொழுது சாய்ந்த பிறகு இடதுபக்கக் கவரைத் திறந்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஒரு பாயின்டில் மட்டும் நீலப் பொறி பளிச் பளிச்சென்று தெறித்தால் அந்தக் கண்டன்சர் போய்விட்டது. அதன் விலை கிட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வயரின் நிறத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். நாற்பது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ! வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

காயில்தான் என்று தெரிந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் காயிலுக்கு எத்தனை வோல்ட் வந்து சேருகிறது? போன மாதம் என் பட்டறைக்கு ஒரு ஆர்டி, அதாவது உங்களுடையதைப் போன்ற ராஜ்தூத் 350 வந்தது. அதற்கு இதற்குள் மூன்று ஜோடி காயில் மாற்றியாகிவிட்டது. பேட்டரியில் 12.5 வோல்ட், காயில் முனையில் 10.1. சாவி ஸ்விட்சுக்குக் கீழே ஒரு புல்லட் கனெக்டர். அதன் ரப்பர் உறையை இழுத்தால் உள்ளே பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பூட்டினேன். 11.9 ஆகிவிட்டது. இரண்டு காயிலுக்கும் ஒரே வழியாகத்தான் கரன்ட் போகிறது. வோல்ட் குறைந்தால் இரண்டில் நோஞ்சானாக இருப்பது முதலில் படுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தாலே பொறியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இதை அளக்கும்போது நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பாயின்ட் திறந்திருக்கும்போது அளந்தால் கரன்ட் ஓடாது, மீட்டர் முழு 12.5 காட்டும். பாயின்ட் மூடியிருக்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றி மூடவைத்து, சாவியைப் போட்டு, சட்டென்று அளந்துவிட்டு அணைத்துவிடுங்கள். மூடிய பாயின்டோடு சாவியை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனால், 3 ஆம்பியர் ஓடும் காயிலுக்குள் 36 வாட் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. நல்ல காயில்கள் இப்படித்தான் பாதி சாகின்றன. பழி டேங்குக்கு அடியில் இருக்கும் சூட்டுக்குப் போகிறது.

களிம்பைச் சுரண்டியும் வோல்ட் ஏறவில்லையென்றால் ஒரு ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் முனைக்கு ஒரு வயர். 87-லிருந்து இரண்டு காயிலுக்கும். முன்பு காயிலுக்குப் போன பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. அவ்வளவுதான். இதைச் செய்தபின் பழைய காயிலே நன்றாக வேலை செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, 40,000 வோல்ட் விஷயத்துக்கு வருவோம். ஏரி கலிங்கு மட்டத்துக்கு நிரம்பினால் தண்ணீர் வழிந்துவிடும். கரையை இன்னும் பத்தடி உயர்த்தினாலும் மட்டம் ஏறாது. பிளக் இடைவெளியைத் தாண்ட எத்தனை வோல்ட் வேண்டுமோ அத்தனை வந்ததும் பொறி பாய்ந்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் எண் பெட்டியோடு சரி. நீங்கள் பார்க்க வேண்டியது ஓம். பழைய காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்து அளந்து, மீட்டர் வயரை ஒன்றோடொன்று தொட்டால் காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். அதைப் பாயின்ட் தாங்கும். கிட் விற்கிறவர்கள் கார் காயிலை உறை மாற்றித் தள்ளிவிடுகிறார்கள். அதில் பல, தனி ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயில். அதை அப்படியே மாட்டினால் 8 ஆம்பியர். முதல் நாள் பொறி வெள்ளையாக அடிக்கும், உங்களுக்கும் சந்தோஷம். பத்து நாளில் பாயின்ட் கரிந்து வண்டி தள்ளும் நிலைமை. அதற்குள் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

இதைத் தட்டிக் கேட்கத்தான் ஆள் இல்லை. 2022-இல் பழைய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 300-லிருந்து 1000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டியதற்கு அப்புறம் இன்னும் ஏற்றினார்கள். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம். ஆனால் ஒரு காயில் பெட்டியில் அதன் ஓம் எத்தனை என்று அச்சடித்திருப்பதைப் பார்ப்பதே அபூர்வம். வண்டியை வைத்திருக்கிறவனிடம் வசூலிக்கத் தெரிகிறது, அவனுக்கு விற்கிற பொருளைப் பார்க்கத் தெரியவில்லை.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே மீட்டரை எடுக்க வேண்டாம். மேலே சொன்ன ஓம் கணக்கு உங்களுக்கு இல்லை. உங்களுடையது சி.டி.ஐ., அதாவது பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன். அந்தக் காயில் 1 ஓமுக்கும் கீழே காட்டும், அது கெட்டதல்ல, அப்படித்தான் இருக்கும். ஆர்டி காயிலை அதில் போடாதீர்கள், அதன் காயிலை ஆர்டியில் போடாதீர்கள். இன்னொன்று, அந்தக் காயிலுக்கு ஒரே ஒரு வயர்தான் வரும். எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டு அதன்மேலேயே காயிலை முடுக்கினால் பொறி வராது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். மாதம் ஒருவராவது இதற்காக என்னைக் கூப்பிடுகிறார். புதுக் காயில், புது சி.டி.ஐ. யூனிட் எல்லாம் வாங்கிய பிறகு.

இனி இடம். சீட்டுக்கு அடி எனக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து பிளக் வரை வயர் இரண்டடிக்கு மேல் போக வேண்டும். ஃபிரேமை உரசிக்கொண்டு போகும் நீளமான பிளக் வயரில் பொறி கசியும், மழையில் இன்னும் மோசம். பாயின்ட் பக்கத்து வயர் எவ்வளவு நீண்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, பிளக் வயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். எனவே டேங்குக்கு அடியிலேயே, காற்று படுகிற மாதிரி கழுத்துப் பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். ஃபிரேமில் வெல்டிங் வைக்காமல் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். டேங்கை இறக்கும்போது காயில் முனை அதன் அடியில் இடிக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

இரட்டை முனை உள்ள ஒற்றைக் காயில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் ஒரு பிஸ்டன் மேலே வரும்போது மற்றது கீழே இருக்கும். அதை ஒரு பாயின்டோடு மாட்டினால் மற்ற சிலிண்டருக்கு அதன் நேரத்தில் பொறி வராது.

பிளக் கேப்பையும் மாற்றும்போது வயர் நுனியில் கால் அங்குலம் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரிந்தபின் திருகுங்கள். காயிலை ஜோடியாக மாற்றினால், நன்றாக இருக்கும் இன்னொரு பழைய காயிலை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் நின்றால் மாட்டிக்கொண்டு வீடு சேரலாம்.