கூண்டுக்குள் ஆடும் பேரியம்

கேள்வி: வெப்பத்தை மின்சாரமாக்கும் கிளாத்ரேட் படிகங்களில், கூண்டுக்குள் அடைபட்ட அணு கிலுகிலுப்பை மாதிரி ஆடி வெப்பத்தைச் சிதறடிக்கிறது என்று படித்தேன். ஆடுகிற ஓர் அணுவால் அவ்வளவு முடியுமா?
– எம்.எஸ்ஸி. மாணவி, திருநெல்வேலி

பதில்: நியாயமான சந்தேகம். கிலுகிலுப்பைக் கதை பாதிதான் உண்மை. எனக்கு இந்தப் பொருளில் பிடித்ததே மீதிப் பாதிதான்.

முதலில் கூண்டு. அதிகம் ஆராயப்பட்டது பேரியம் 8, காலியம் 16, ஜெர்மானியம் 30 சேர்ந்த கிளாத்ரேட். காலியமும் ஜெர்மானியமுமாக 46 அணுக்கள் பிணைந்து, ஓர் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கட்டத்தில்) 2 சின்னக் கூண்டு, 6 பெரிய கூண்டு கட்டுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேரியம். பெரிய கூண்டுக்கு 12 ஐங்கோண முகங்கள், எதிரெதிரே 2 அறுகோண முகங்கள். அந்த அறுகோணங்களுக்கு இணையான தளத்தில்தான் பேரியத்துக்கு ஆட இடம் அதிகம். மீத்தேன் வாயுவைச் சிறைவைக்கும் பனி போன்ற மீத்தேன் ஹைட்ரேட்டில் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுவதும் இதே கூண்டுதான்!

எலக்ட்ரான் கணக்கும் அழகு. பேரியம் தலைக்கு 2 தருகிறது, மொத்தம் 16. ஜெர்மானியத்தின் இடத்தில் உட்கார்ந்த காலியத்துக்குத் தலைக்கு 1 குறைவு, அதுவும் 16. கணக்கு நேராகிவிடுவதால் பொருள் குறைக்கடத்தி. மின்சாரம் பெரும்பாலும் கூண்டுச் சட்டகத்தின் வழியே போய்விடும்.

அப்புறம் வெப்பம். அறை வெப்பநிலையில் தூய ஜெர்மானியத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 60 வாட். இந்தக் கிளாத்ரேட்டுக்குச் சுமார் 1தான், ஜன்னல் கண்ணாடி அளவு. ஆடும் அணு, வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வு அலைகளான ஃபோனான்களை மோதிச் சிதறடிக்கிறது என்றே வெகுநாள் விளக்கம் சொன்னார்கள்.

2008-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழுவினர் படிகத்தில் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அவை சிதறும் விதத்தில் பார்த்தது வேறு. அதிர்வெண்ணை அலைஎண்ணுக்கு (குறிப்பிட்ட நீளத்தில் எத்தனை அலைகள் என்பதற்கு) எதிராக வரையுங்கள். ஒலி அலையின் (படிகத்தில் ஒலி போல ஓடும் ஃபோனானின்) கோடு ஏறிக்கொண்டே வருகிறது; பேரியத்தின் ஆட்டம் கிட்டத்தட்டப் படுக்கைக் கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளவில்லை. ஒலிக் கோடு முன்னாலேயே வளைந்து படுத்துவிடுகிறது. சாய்வுதானே வேகம்? ஆக, அலை சாகவில்லை, வேகம் இழக்கிறது. 2017-ல் பேரியம்-ஜெர்மானியம்-தங்கக் கிளாத்ரேட் ஒன்றில் ஃபோனான்களின் ஆயுளை நேரடியாக அளந்தார்கள். ஒலி ஃபோனான்கள் 10 முதல் 100 நானோமீட்டர் வரை பயணம் செய்வது தெரிந்தது. 'மோதிச் சிதறியது' என்று சொல்லும்படியான தூரமா இது?

சரி, வேகம் குறைவது ஒன்றே 60-ஐ 1 ஆக்குமா? ஆக்காது. இங்கே அலகுக்கூட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மானியத்தின் அடிப்படை அலகில் 2 அணுக்கள். அதிர்வுக் கிளைகள், அதாவது அந்த வரைபடத்தில் வரும் கோடுகள், 6; அவற்றில் 3 ஒலிக் கிளைகள். கிளாத்ரேட்டில் 54 அணுக்கள், 162 கிளைகள். ஒலிக் கிளைகள் அதே 3 மட்டும்! மற்ற 159-ல் பெரும்பாலானவை தட்டையாக, மெதுவாக நகர்பவை. வெப்பத்தைத் தூரம் கொண்டுபோவது அந்த 3-இன் கீழ்ப்பகுதிதான். பேரியம் வளைத்துப் படுக்கவைப்பதும் அந்த 3-ஐத்தான்.